பள்ளி வாங்கும் தலைமுறைகளும்

தலைமுறைகளுக்கிடையே நிகழும் பூசல் புதியதொன்றன்று. ‘எங்கள் காலத்திலே பிள்ளைகள் இப்படியா இருந்தார்கள்?’ என்று முதியோர் கேட்பதும், ‘உங்கள் காலம் போய்விட்டது’ என்று இளையோர் மறுமொழி கூறுவதும் எச்சமுதாயத்திலும் கேட்கக்கூடிய பேச்சுக்களே. ஆயினும் கூர்ந்து நோக்குமிடத்து, இப்பேச்சில் இரு பகுதியாரும் ஒரு விடயத்தில் ஒத்துப்போவதைக் காணலாம். தத்தம் குணங்கள் தாமாகவே தேடிக்கொண்டவை என்று இரு சாராரும் நம்புகின்றனர். முதியவர் தமது ஒழுக்கத்தைப் பிறவிக்குணம் என்கிறார். இளையவர் தமது துணிவைச் சொந்தச் சம்பாத்தியம் என்கிறார். வளர்த்த வீடும், எழுத்தறிவித்த பள்ளியும், அப்பள்ளியைக் கட்டியெழுப்பிய அல்லது எரித்துச் சாம்பராக்கிய காலமும் இருவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை.

ஜேர்மனியச் சமூகவியலாளரான கார்ல் மன்ஹைம் 1928இல் தலைமுறைகள் பற்றி எழுதிய கட்டுரையில், ஒரே ஆண்டிற் பிறந்தோரெல்லாம் ஒரே தலைமுறையினராகிவிடுவதில்லை என்று வற்புறுத்தினார். இளமையில் ஒரே வரலாற்று நிகழ்ச்சிகளின் தாக்கத்துக்கு ஒருங்கே ஆட்பட்டவர்களே ஒரு தலைமுறையாகின்றனர் என்பதும், அந்நிகழ்ச்சிகளே ஒரு சாராரை ஒரு திசையிலும் மற்றொரு சாராரை வேறொரு திசையிலும் தள்ளக்கூடும் என்பதும் அவர் கருத்து. இதனை யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றிலே பொருத்திப் பார்க்க விரும்புகிறோம். அதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்திற் கிடக்கும் வாங்கு ஒன்றே போதும். அதில் யார் அமர்ந்தார், யார் நிலத்தில் அமர்த்தப்பட்டார், அமர்ந்தவர் எம்மொழியிற் படித்தார், அவர் அருகே இருந்தவர் யார் என்று கேட்டுக்கொண்டே போனால், ஒவ்வொரு தலைமுறையும் எதனைக் கண்டது, எதனைக் காணத் தவறியது என்பது ஒருவாறு விளங்கிவிடும்.

பழைய திண்ணைப் பள்ளியில் வாங்கு இருக்கவில்லை. பிள்ளைகள் நிலத்திலிருந்து மணலில் விரலால் எழுதினர். அரிச்சுவடியும் எண்சுவடியும் நிகண்டும் மனனஞ் செய்தனர். எல்லோரும் நிலத்திலிருந்தனர் என்பதனால் அங்கே சமத்துவம் நிலவிற்று என்று கொள்ளலாகாது. சமூகத்தின் ஒரு பகுதிக்கு அத்திண்ணையை மிதிக்கும் உரிமையே இருக்கவில்லை. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்திறங்கினர். 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியும், 1824இல் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையும் தோன்றின. மிஷன் கல்வியிலிருந்து எழுந்த முதற்றலைமுறை விசித்திரமானது. செமினரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். பின்னர் பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலரோ, மிஷனரிமாரிடம் கண்ட பாடசாலை, அச்சியந்திரம், பிரசங்கம், வசன பாடநூல் ஆகிய கருவிகளையே கைக்கொண்டு அவர்களை எதிர்த்தார். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. அடுத்த ஆண்டில் அச்சியந்திரமும் வந்தது. தம்மை வளர்த்த பள்ளியை எதிர்ப்பவனும் அப்பள்ளியின் ஆயுதங்களையே ஏந்துகிறான். ஆயினும் சாதியாசாரம் பற்றிய நோக்கில் நாவலர் பழைய திண்ணையை விட்டிறங்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

இதன்பின் வந்தது கந்தோர்த் தலைமுறை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறில்லை. துலா மிதித்து இறைக்கும் கிணற்றுநீரே தோட்டத்துக்கு உயிர். சீதனமாகப் பங்கிடப்பட்டுப் பங்கிடப்பட்டுக் காணிகள் சிறுத்தன. ஆங்கில ஆட்சிக்கோ எழுதுவினைஞர் வேண்டியிருந்தனர். இந்நிலையில் ஆங்கிலப் பள்ளியின் வாங்கு ஒரு காணித்துண்டுக்கு நிகரான சொத்தாயிற்று. தமிழ்ப் பாடசாலையிற் கட்டணமில்லை. ஆங்கிலப் பாடசாலையிற் கட்டணமுண்டு. காணியை ஈடுவைத்து மகனைப் படிப்பித்த தந்தை, மகன் கொழும்பிலோ மலாயா றெயில்வேயிலோ உத்தியோகம் பெற்று அனுப்பிய பணத்தைக் கொண்டு ஈட்டை மீட்டார். ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்’ என்னும் பழமொழியைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். அதனுள் ஒரு பொருளாதாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சிக்கனம், நேரந்தவறாமை, மேலதிகாரிக்குப் பணிவு, கீழோரிடம் கண்டிப்பு ஆகியவை யாழ்ப்பாணத்தவரின் பிறவிக்குணங்கள் என்று சிலர் பெருமையாகவும் சிலர் ஏளனமாகவும் கூறுவதுண்டு. அவை கிணற்றடியில் வேரூன்றிக் கந்தோர் மேசையிற் காய்த்தவை என்பதே எமது எண்ணம்.

கந்தோர்த் தலைமுறைக்கு ஆங்கில ஆட்சி சூரிய உதயம்போல் இயற்கையான காரியமாகத் தோன்றிற்று. அவர்தம் புதல்வரோ முதலாம் உலகப் போரின் பின், ரஷ்யப் புரட்சியின் செய்தியும் இந்திய ஒத்துழையாமை இயக்கத்தின் செய்தியும் பத்திரிகைகளிற் பரவிய காலத்தில் மேல்வகுப்புக்களிற் பயின்றனர். 1924இல் அவர்கள் மாணவர் காங்கிரஸை நிறுவினர். அதுவே பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. அதன் முன்னணியில் நின்ற ஹண்டி பேரின்பநாயகம் 1899இற் பிறந்தவர். யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர். அவரைச் சூழ நின்றோரிலும் ஆசிரியரே பலர். 1926இல், இங்கிலாந்திற் கற்றுத் திரும்பியிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா யாழ்ப்பாணத்துக்கு வந்து, இந்நாட்டுக்குச் சமஷ்டி ஆட்சியே பொருத்தமானது என்று இவ்வாலிபர் முன் எடுத்துரைத்தார். 1927 நவம்பரிற் காந்தியடிகள் அவர்களின் அழைப்பை ஏற்று வந்தார். கதர் உடுத்தல், தாய்மொழியிற் கற்பித்தல், தமிழ்ப் பிள்ளை சிங்களமும் சிங்களப் பிள்ளை தமிழும் பயிலல், தீண்டாமையை ஒழித்தல் ஆகியன அவர்கள் கொள்கைகளாயின. ஆங்கிலப் பள்ளியின் விலையுயர்ந்த வாங்கிலிருந்தவர்களே அவ்வாங்கின் விலையைக் குறித்துக் கேள்வி எழுப்பினர் என்பதுதான் இத்தலைமுறையின் சிறப்பு.

வாங்கு அக்காலத்தில் உவமையாக நின்றுவிடவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளை பள்ளிக்குள் அனுமதிக்கப்பட்டாலும் நிலத்தில் இருத்தப்பட்டது. சில இடங்களில் விறாந்தையிலோ கொட்டிலின் புறத்தேயோ நின்று பாடங் கேட்டது. அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சகலருக்கும் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டும் என்ற பணிப்பு 1929ஆம் ஆண்டளவிற் பிறந்தது. ஒரு பலகையில் ஏழு வயதுப் பிள்ளைகள் இருவர் அருகருகே அமர்வதுதான் அதன் பொருள். அதற்கு உயர்சாதியினரிடையே எழுந்த எதிர்ப்பு இன்று நம்பமுடியாத அளவினது. பெற்றோர் தம் பிள்ளைகளை மறித்தனர். 1930ஐ ஒட்டிய காலத்திற் குடாநாட்டின் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. கல்வியே எமது செல்வம் என்று சொல்லிப் பெருமைப்படும் சமூகம், பக்கத்திலே யார் இருப்பது என்ற கேள்வி எழுந்தபோது அச்செல்வத்துக்குத் தானே நெருப்பு வைத்தது. இதனை எமது பாடநூல்கள் விரித்துக் கூறுவதில்லை. நூல்நிலையத்தை எரித்த பிறர் கையை மறவாத நாம், பள்ளியை எரித்த எம்மவர் கையையும் மறத்தலாகாது.

வாலிபர் காங்கிரஸார் இவ்வழக்கிற் சரியான பக்கத்திலேயே நின்றனர். தமது மகாநாடுகளிற் சமபந்தி போசனம் நடத்தி வசைமொழியும் கேட்டனர். ஆனால் அடுத்த ஆண்டிலேயே நிகழ்ந்ததொரு காரியம் அவர்கள் வளர்ப்பின் எல்லையைக் காட்டிவிட்டது. டொனமூர் அரசியற்றிட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை என்பதற்காக, 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு அவர்கள் கோரினர். குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப்பத்திரம் தாக்கல் செய்யவில்லை. 1934 வரை அவ்வாசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. ஆயின் 1931ஆம் ஆண்டுத் தேர்தல் எத்தகையது? சர்வசன வாக்குரிமையின்கீழ் இந்நாட்டில் நிகழ்ந்த முதற்றேர்தல் அது. நிலத்தில் இருத்தப்பட்டவன், கிணற்றிலே அள்ளத் தடுக்கப்பட்டவன், கூலிக்காரப் பெண் ஆகிய எல்லோர் கையிலும் முதன்முறையாக ஒரு வாக்கு இருந்தது. அவ்வாக்கைப் போடும் பெட்டி அவர்கள் ஊருக்கு வரவில்லை. சேர். பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பழந்தலைவர்கள் சர்வசன வாக்குரிமையை வெளிப்படையாகவே எதிர்த்தவர்கள். வாலிபர்களோ அதனைவிட மேலானதொன்றைக் கேட்டனர். இரு சாராரின் நோக்கமும் வானமும் பூமியும்போல் வேறுபட்டவை. எனினும் குடிசையில் இருந்த மனிதனுக்கு விளைந்த பயன் ஒன்றே. சுதந்திரம் என்ற முழுச்சொல்லை நூலிற் படித்தவனுக்கு அரைச்சொல் அற்பமாகத் தோன்றும். ஒரெழுத்தும் கிடையாதவனுக்கு அவ்வரைச்சொல் எத்துணைப் பெரிது என்பதை உணர அந்த வாங்கு அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. 1934இல் வெற்றிடங்கள் நிரப்பப்பட்டபோது பருத்தித்துறையிலிருந்து சபைக்குச் சென்றவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். அதன்பின் யாழ்ப்பாணத்து அரசியல் வேறு பாதையிற் சென்றது.

வாலிபர் காங்கிரஸ் அரசியலில் மங்கியது. ஆனால் அவர்கள் வகுப்பறைகளில் விதைத்தது மங்கவில்லை. கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழு 1943இல் அறிக்கை வெளியிட்டது. மதநிறுவனங்களின் பள்ளி முகாமையாளர் பலர் எதிர்த்துங்கூட, 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன. அவற்றின் தொகை 54 ஆயிற்று. ஐந்தாம் வகுப்பிற் பரீட்சை வைத்துத் தேர்ந்த ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி வசதியுடன் அங்கே இடமளிக்கப்பட்டது. வாங்கின் விலை நீங்கிற்று. எழுத்தறிவு பெற்றோர் 1946இல் நூற்றுக்கு 57.8 பேர்; 1971இல் 78.5 பேர். இத்தொகைகளுக்குப் பின்னால், கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலைப் பதித்த தாயின் மகள் ஆசிரியையாக வந்த இலட்சக்கணக்கான வீடுகளின் கதை இருக்கிறது. எம்மில் எவரும், பட்டம் பெற்றவராயினும் பெறாதவராயினும், அக்கதைக்கு வெளியே நிற்கவில்லை.

எனினும் புதிய வாங்கு இரு அறைகளில் இடப்பட்டது. ஆரம்ப வகுப்பில் தொடங்கிய தாய்மொழிப் போதனை 1950களில் மேல்வகுப்புக்களுக்கு ஏறி, 1960இற் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தின் வாசலை அடைந்தது. தாய்மொழிக் கல்வி நியாயமானது; அதனை மறுப்போர் அந்நிய மொழியின் தரகராகவே இருத்தல் கூடும். ஆனால் வாலிபர் காங்கிரஸ் சொன்னதன் மறுபாதியை நாடு கேட்கவில்லை. தமிழ்ப் பிள்ளை சிங்களத்தையும் சிங்களப் பிள்ளை தமிழையும் கற்கவில்லை. 1944இல் அரசாங்க சபை சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகளாதல் வேண்டும் என்று தீர்மானித்தது. 1956இற் சிங்களம் மட்டும் என்ற சட்டம் பிறந்தது. அதனைக் கொண்டுவந்த பிரதமர், முப்பது ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்தில் சமஷ்டியை விளக்கிய அதே பண்டாரநாயக்கா. பேராதனையில் ஒரே பாடத்தை ஒரே மண்டபத்தின் வெவ்வேறு அறைகளில் இரு மொழியினர் கற்றனர். முந்திய ஆங்கிலத் தலைமுறையில் ஒருவரோடொருவர் பேசக்கூடியவர் சிலரே. அவர்களும் வசதி படைத்தவர்கள். புதிய தலைமுறையிற் கற்றவர் பலர். ஆனால் அவர்களிடம் பொதுமொழி இல்லை.

இதன் விளைவைக் காண நீண்டநாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1946இல் ஏறக்குறைய 66 இலட்சமாயிருந்த சனத்தொகை 1971இல் 127 இலட்சத்தை நெருங்கிற்று. பள்ளிகள் பெருகிய வேகத்திற் பொருளாதாரம் பெருகவில்லை. அது தேயிலையையும் இறப்பரையும் தெங்கையுமே நம்பி நின்றது. 1971 ஏப்ரிலிற் கிளர்ச்சி செய்த தென்னிலங்கை இளைஞருட் பெரும்பாலோர் கிராமத்துச் சிங்களப் பாடசாலைகளின் பிள்ளைகள். தந்தையர் காணாத கல்வியைக் கண்டு, அக்கல்வி வாக்களித்த வேலையைக் காணாதவர்கள். அவ்வாண்டிலேயே வடக்கில் மற்றொரு கோபம் மூண்டது. அரசாங்கக் கந்தோரின் கதவை 1956ஆம் ஆண்டுச் சட்டம் ஒடுக்கியபின், யாழ்ப்பாணத்துப் பெற்றோர் தம் நம்பிக்கை முழுவதையும் வைத்தியத்திலும் பொறியியலிலும் வைத்திருந்தனர். தரப்படுத்தல் அந்நரம்பையே அறுத்தது. பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூலம் தோற்றியவருக்கு 227 புள்ளியும், தமிழ் மொழிமூலம் தோற்றியவருக்கு 250 புள்ளியும் வேண்டுமென வகுக்கப்பட்டது. மொழியைக் கொண்டு புள்ளியை வெட்டியது அப்பட்டமான அநீதி. 1974இல் வந்த மாவட்ட முறையை அவ்வாறே ஒரு சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. ஆய்வுகூடமே காணாத மன்னாரின், மட்டக்களப்பின் பிள்ளைக்கும் அது வழி திறந்தது. யாழ்ப்பாணத்துக் கட்டுரைகள் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

ஒரே சீர்திருத்தத்தின் வயிற்றிற் பிறந்த இரு இளைஞர் கூட்டங்கள், ஒரே காலத்தில், ஒரே வேலையின்மையால் வெகுண்டு, இரு வேறு திசைகளில் எழுந்தன. தெற்கிலே சுடப்பட்டு ஆற்றில் வீசப்பட்டவனின் துயரை வடக்கிலிருந்தவன் அவன் மொழியில் வாசிக்கவில்லை. வடக்கின் 250 புள்ளியின் கொடுமையைத் தெற்கிலிருந்தவன் வாசிக்கவில்லை. மன்ஹைம் கூறிய இரு திசைத் தள்ளலுக்கு இதனினும் கொடிய உதாரணம் எமக்குத் தெரியாது.

இவ்விடத்தில் இன்னொன்றையுஞ் சொல்லவேண்டும். தலைமுறை என்று நாம் பேசும்போதெல்லாம் வாங்கில் இருந்தவர்களையே எண்ணுகிறோம். டொமினிக் ஜீவாவும் கே. டானியலும் 1920களின் பிற்பகுதியிற் பிறந்தவர்கள். கைலாசபதியும் சிவத்தம்பியும் 1930களின் தொடக்கத்திற் பிறந்தவர்கள். வயதில் வேறுபாடு சிறிது. பின்னிருவரும் பேராதனைக்குச் சென்றனர். முன்னிருவருக்கும் சாதியும் வறுமையும் உயர்கல்வியின் கதவைச் சாத்தின. முடிதிருத்தும் நிலையத்தில் உழைத்த ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ சாகித்தியப் பரிசு பெற்றது. 1966 முதல் அவர் ‘மல்லிகை’யை நடத்தினார். டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் வெளிவந்தது. இருவருக்கும் பள்ளியாக அமைந்தவை கட்சிக் கூட்டங்களும், தொழிற்சங்கமும், இரவல் நூல்களுமே. இவர்களும் பட்டதாரிகளும் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தில் ஒரே வாங்கில் அமர்ந்தபோதுதான், 1930இல் எரிக்கப்பட்ட பள்ளிகளின் வழக்குக்கு ஈழத்து இலக்கியம் தன் மறுமொழியைத் தந்தது. மலையகத்துப் பிள்ளைக்கோ அவ்வாங்கும் வாய்க்கவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பெற்றோர் பிரஜாவுரிமை இழந்தனர். தோட்டப் பாடசாலைகள் 1970களிலேயே அரசின் பொறுப்புக்கு வந்தன. 1945இன் இலவசக் கல்வி லயத்தின் படியை ஏற ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் எடுத்தன.

போர்க்காலத்துத் தலைமுறையைப் பற்றி விரிவாக எழுதுவதற்கு இது இடமன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையமும் ஏறத்தாழ 97,000 நூல்களும் எரிந்தன. 1990இன் பின் மின்சாரமும் மண்ணெண்ணெயும் அற்ற வீடுகளில், ஜாம் போத்தலில் ஊற்றிய சிறிதளவு எண்ணெயின் சுடரிலே பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தனர். 1995 ஒக்டோபரில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது பள்ளிகளும் இடம்பெயர்ந்தன. வாங்கு விறகாயிற்று, பிள்ளைகள் மரநிழலிலே மீண்டும் நிலத்தில் அமர்ந்தனர். அவ்வாறு படித்தவர்கள் இன்று தாய் தந்தையராயுள்ளனர். தாம் பட்ட பாட்டைத் தம் பிள்ளைகள் பட்டதில்லையே என்று மகிழவேண்டியவர்கள், அதனையே குற்றமாக்கி அவர்களை ஏசுவதையும் கேட்கிறோம். 2009இன் பின் பிறந்த பிள்ளை ஜாம் போத்தல் விளக்கின் மதிப்பை எங்ஙனம் அறியும்? அதற்கு வாய்த்த காலம் வேறு; அதன் இடர்களும் வேறு.

அவ்விடர்களுள் ஒன்றை மாத்திரம் குறிப்பிடலாம். பிற்பகலிற் பள்ளி விட்டதும் பிள்ளைகள் துவிச்சக்கரவண்டிகளில் ரியூட்டரிக்கு விரைகின்றனர். அங்கே தகரக் கொட்டிலின்கீழ் நெருக்கமாக இடப்பட்ட வாங்குகளில் ஓரிடத்துக்கு மாதாமாதம் பணம் கட்டவேண்டும். முன்வரிசையில் இடம்பிடிக்க முன்னதாகவே செல்லவேண்டும். பாடசாலையிற் கட்டணமில்லை என்பது இன்றும் உண்மைதான். ஆனால் ஏழைப் பிள்ளையை மத்திய பாடசாலைக்குக் கொண்டுவரவென்று ஏற்பட்ட அந்த ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு இன்று மூன்றாம் வகுப்பிலிருந்தே தனிவகுப்பு நடைபெறுகின்றது. கூலிவேலை செய்யும் தாய் அதற்காகக் காப்பை அடகுவைக்கிறாள்.